வாடகை கேட்காத வீடு

என் கதையை நானே எழுதுகிறேன். பேரப்பிள்ளைகள், "நீங்க சொல்லுங்க, நாங்க எழுதித் தர்றோம்" என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். படித்த பிள்ளைகள், என்னை நல்லவளாக்கி எழுதிவிடுவார்கள். நான் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனவள். அந்த இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு ஜெயங்கொண்டம் சாலையில் முந்திரிக் கிடங்கு கட்டினேன். கொட்டையைக் கையில் எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் உள்ளே பருப்பு சொத்தையா நல்லதா என்று சொல்லிவிடுவேன். மனிதர்களையும் அப்படித்தான். என்னை ஏமாற்றியவன் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவன் எழுந்து நின்று சொல்லட்டும், பார்க்கலாம்.

சந்தேகம் கெட்ட குணம் என்பார்கள். எனக்கு அதுதான் படிப்பு. அதை நான் நன்றாகப் படித்தது, வயிற்றுப் பிள்ளையோடு பெரம்பலூருக்குக் குடிபோன வருஷத்தில்.

வெள்ளைக்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் பெரம்பலூரில் ஒரு கடலை மண்டியில் காவல் வேலைக்குப் போயிருந்தார். நான் ஆண்டிமடத்துப் பக்கம் என் ஆத்தா வீட்டில் இருந்தேன். அது மூன்றாவது வயிறு. முதல் இரண்டும் தங்கவில்லை. இதுவும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதென்று என் மாமியார் முடிவு செய்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. மாமியார் அதை மறுக்கவும் இல்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைப் பார்க்க மாட்டாள், வயிற்றைப் பார்ப்பாள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்.

"மொதலாளி வூடு குடுக்கறாரு. ஓட்டு வூடு. கெணறு இருக்கு. வாடகை வேணாங்கறாரு."

"ஏன் வேணாங்கறாரு?"

"நல்ல மனுசன்."

"நீங்க போயி நாளாச்சு. இத்தன நாளு எங்க படுத்திருந்தீங்க?"

"மூட்டை மேல."

"அப்ப வராத நல்ல மனசு இப்ப ஏன் வந்திச்சு?"

அவர் யோசித்தார். யோசித்தால் உண்மையைச் சொல்லிவிடுவார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. "நீ மாசமா இருக்கன்னு பேச்சுவாக்குல சொன்னேன். ஒடனே சாவிய எடுத்துக் குடுத்து, அப்ப தாமசம் பண்ணாத, பெரசவத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்துடுன்னாரு."

என் ஆத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் கைகால் கழுவப் போனதும் என் காதருகில் வந்து உட்கார்ந்தாள்.

"போவாத புள்ள. பொதையலு எடுக்கறவனுங்க பலி குடுக்க சூலியத்தான் தேடுவானுங்க. தலைச்சன் சூலியா இருக்கணும்பானுங்க."

"எனக்கு இது மூணாவதுல்ல?"

"தங்காததெல்லாம் கணக்குல வராது. இதுதான் ஒனக்குத் தலைச்சன்."

இதைக் கேட்டு இன்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அன்று ஊரில் பாலம் கட்டினாலும் ஏரிக்கரை நிற்காவிட்டாலும் பிள்ளைத்தாச்சிகளை வெளியே விடமாட்டார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் இன்னொன்றும் யோசித்தேன். நான் போகாவிட்டால், தனியாக ஓட்டு வீட்டில் இருக்கும் மகனுக்கு என் மாமியார் அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்துக் கொண்டுபோய் விட்டுவிடுவாள். தெரியாத முதலாளி ஒரு பக்கம், தெரிந்த மாமியார் ஒரு பக்கம். நான் தெரியாதவரைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆத்தா என் முந்தானையில் வேப்பிலையும் ஓர் இரும்பு ஆணியும் முடிந்துவிட்டாள். நான் அதோடு கதிர் அரிவாளையும் எடுத்துக்கொண்டேன்.

பயணத்தை நான் நடத்திய விதத்தைச் சொன்னால் இன்றைக்கு டாக்டர்களே தலையாட்டுவார்கள். வண்டிக்கு இளங்காளைகளைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். திருப்பி அனுப்பினேன். கிழட்டு மாடாக, ஊர்கிற மாடாகக் கேட்டு வாங்கினேன். வண்டியில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கு, அதன்மேல் ஆத்தாவின் பழம்புடவை. வண்டித்தடத்தில் பள்ளம் வரும்போதெல்லாம் "நிறுத்துங்க" என்று இறங்கி நடந்துபோய் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டேன். வெயில் ஏறினால் மரத்தடி. தண்ணீர் என் ஊர்க் கிணற்றுத் தண்ணீர், என் குடத்தில். வழியில் யார் கொடுத்தாலும் வாங்கவில்லை.

வழியெல்லாம் பெண்பிள்ளைகள் கேட்கிற ஒரே கேள்வி, "எத்தன மாசம்?" உடையார்பாளையத்தில் கேட்டவளிடம் ஐந்து என்றேன். அடுத்த ஊரில் கேட்டவளிடம் எட்டு என்றேன். ஒருத்தியிடம், "வயிறில்லக்கா, கட்டி" என்று சொல்லிவிட்டேன். உண்மையான மாதம் என்னையும் அவரையும் ஆத்தாவையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. தெரியாததன்மேல் கண் படுமா?

அரியலூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி மறுநாள் கிளம்பும்போது வீட்டுக்காரர் பஸ்ஸில் போகலாம் என்றார். அப்போது பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரித்து ஓட்டுவார்கள். அதையும் அது குலுங்குகிற குலுக்கலையும் சுற்றிவந்து பார்த்தேன்.

"நீங்க பஸ்ல போங்க. நானும் வயிறும் வண்டில வரோம்" என்றேன்.

"அவன் சீக்கிரம் போயிடுவான் புள்ள."

"சீக்கிரம் போனவங்க ரெண்டு பேரு ஏற்கெனவே இருக்காங்க."

அவரும் வண்டியிலேயே ஏறினார். பஸ் எங்களைத் தாண்டிப் புகை விட்டுக்கொண்டு போனது. பிறகு ஒரு மேட்டில் அதே பஸ் நின்றிருக்க, ஏறிய சனமெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தது. என் கிழட்டு மாடுகள் அதைத் தாண்டிப் போயின. கண்டக்டர் என்னைப் பார்த்து, "எங்களையும் ஏத்திக்கங்கக்கா" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் வயிறு குலுங்கும்.

வீடு மண்டிக்குப் பின்தெருவில் இருந்தது. நல்ல வீடுதான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஓடு ஒன்றுகூட உடையவில்லை. கிணற்றில் கைக்கெட்டும் தண்ணீர். இப்படி ஒரு வீட்டை எவன் சும்மா பூட்டி வைப்பான்? வீட்டுக்காரரை முதலில் உள்ளே போகச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரையும் முதலில் அவரையே குடிக்கச் சொன்னேன். குடித்துவிட்டு, "நான் செத்தா பரவால்லியா?" என்றார். "நீங்க தனி ஆளு, நாங்க ரெண்டு பேரு" என்றேன்.

பால் காய்ச்சினோம். பக்கத்தில் ஒருவரும் வரவில்லை. புதிதாகக் குடிவந்தால் எட்டிப் பார்ப்பதும் உப்புப் புளி உண்டா என்று கேட்பதும் எந்த ஊரிலும் உண்டு. அங்கே இல்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, தெருக்குழாய் கிடையாது, நல்ல தண்ணீருக்குப் பொதுக்கிணறுதான். நான் குடத்தோடு போனால் பெண்களெல்லாம் விலகி வழிவிட்டார்கள். என் முறைக்கு முன்னாலேயே என் குடத்தை நிரப்பிக் கொடுத்தாள் ஒருத்தி. தண்ணீர்க் கிணற்றில் மரியாதை கொடுக்கிற பெண்களை நான் அதற்குமுன் கண்டதில்லை, அதற்குப்பின்னும் கண்டதில்லை. மண்டிக்காரர் வீடுதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னேன். என் வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள்.

வீட்டுக்கு வந்து சுவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். முன் அறையில் தெருவைப் பார்த்த சுவரில் ஒரு பக்கம் மட்டும் மண் வேறு நிறமாக இருந்தது. மேலே வெள்ளையடித்திருந்தார்கள். ஆனாலும் பழைய சுவர் ஒரு வெள்ளையும் புதுச்சுவர் ஒரு வெள்ளையும் காட்டும். புதையல் என்று நினைத்துக்கொண்டேன். அரிவாள் பிடியால் தட்டினேன். கெட்டியாக இருந்தது.

"செவுரு இடிஞ்சிருக்கும், அடைச்சிருப்பாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"இடியற செவுரு மேலேருந்து இடியும். இது கீழ தரையிலேருந்து நேரா வெட்டினது. வந்து பாருங்க."

"வாசப்படி இருந்திருக்கும்."

"வாசப்படி பக்கத்துலயே இருக்கே. அதுக்குப் பக்கத்துல எவன் இன்னொரு வாசப்படி வைப்பான்?"

சொல்லி வாயை மூடவில்லை, எனக்கே விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் ஆகாத நட்சத்திரத்தில் ஒருவர் இறந்தால் அதை அடைப்பு என்போம். அந்தப் பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோக மாட்டார்கள். சுவரை வெட்டி அந்த வழியாக எடுத்து, உடனே அடைத்துவிடுவார்கள், போன உயிர் திரும்பிவர வழி தெரியக்கூடாதென்று. பிறகு வீட்டை மாதக்கணக்கில் பூட்டிவைப்பார்கள். புதையலாவது ஒன்றாவது. என் ஆத்தா பயந்த காரணம் தப்பு. ஆனால் பயந்தது தப்பில்லை.

இறந்தது யார்? அதைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அதற்கும் எனக்கு வழி தெரியும். சரக்கின் சரியான விலை தெரிய வேண்டுமானால் தப்பான விலையைச் சொல்ல வேண்டும். எதிராளியால் பொறுத்துக்கொள்ள முடியாது. மண்டியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்து உடைத்தேன். முதலாளியின் சின்ன மருமகள் மாசமாக இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சோடு பேச்சாக, "நாங்க இருக்கற வூட்டுல செத்துப்போன பெரியவரு ரொம்ப வயசானவராமே" என்றேன்.

"பெரியவராவது. யாரு சொன்னா ஒனக்கு? மொதலாளியோட மூத்த மருமவ. நெறமாசப் பொண்ணு" என்றாள் ஒருத்தி.

பக்கத்திலிருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள். கிள்ளியது எனக்கும் வலித்தது.

கையிலிருந்த கடலையைப் போட்டுவிட்டு எழுந்தேன். முதலாளி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. என் வீட்டுக்காரர் நான் வருவதைப் பார்த்து, வராதே என்று கண்ணால் சொன்னார். நான் கண் பேச்சைக் கேட்கிறவள் இல்லை.

"ஏங்க மொதலாளி, புள்ளைத்தாச்சி செத்த வூட்டுலயா என்னை வச்சிருக்கீங்க?"

மண்டியில் கடலை உடைகிற சத்தம் நின்றது.

"யாரு சொன்னா?"

"செவுருதான் சொன்னுது."

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, நல்லவர் மாதிரி பேசினார். "இந்தா பாரு பொண்ணு. வாயும் வயிறுமா இருக்கறவ ஒருத்தி அங்க நல்லபடியா பெத்து எழுந்துட்டா வூட்டுக் குத்தம் போயிடும்னு ஜோசியரு சொன்னாரு. புள்ளை அழுத சத்தம் கேட்டாப் போதும்னாரு. ஒனக்கு என்ன கொறஞ்சிபோச்சு? ஓட்டு வூடு. வாடகை இல்ல."

"அவ்வளவு நல்லதா? அப்ப ஒங்க சின்ன மருமவளும் மாசமாத்தானே இருக்காங்க. அவங்களையும் அனுப்புங்க. ரெண்டு பேரும் ஒண்ணா பெத்துக்கறோம். ரெட்டிப்பா நல்லது."

பின்னால் ஒருத்தி சிரிப்பை இருமலாக மாற்றினாள். முதலாளியின் முகம் கறுத்தது. என்னிடம் பேசவில்லை, என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "வேலை வேணுமா வேணாமான்னு ஒம் பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்லு" என்றார்.

வீட்டுக்கு வந்து சாமான்களைக் கட்டினோம். திரும்ப ஊருக்குப் போவதென்றால் அத்தனை தூரம் மறுபடி வண்டி, மறுபடி குலுக்கல். எனக்கோ அன்று காலையிலிருந்தே இடுப்பில் ஒரு வலி வந்து வந்து போனது. முன்னே இரண்டு முறையும் அப்படித்தான் ஆரம்பித்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. போனால் வழியில் போய்விடும், இருந்தால் வீட்டில் போய்விடும் என்று மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது வாசலில் நிழல் தட்டியது.

முதலாளியின் சின்ன மருமகள். மண்டிக்காரர்கள் சின்னம்மா என்பார்கள். மூத்தவள் போன பிறகு அவர் மகன் இரண்டாவதாகக் கட்டியவள். என்னைவிடச் சிறியவள், வயிறு என்னைவிடச் சற்றுக் குறைவு. கையில் ஒரு பாயும் சொம்பும்.

"மண்டில என்னை அனுப்பச் சொல்லிக் கேட்டியாமே. வந்துட்டேன்" என்றாள்.

"மொதலாளி அனுப்பினாரா?"

"அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா காலை ஒடிப்பாரு."

"அப்ப ஏன் வந்தீங்க?"

அவள் உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்று சொன்னாள். "ஒன்ன இங்க வச்சுப் பாத்துட்டு அடுத்தது என்னை வைக்கறதா பேச்சு. இது எங்க வூடு, வாரிசு இங்கதான் பொறக்கணும்கறாரு. ஒனக்கு என்னாவுதுன்னு பாத்துட்டு எனக்குத் தெரிஞ்சிக்கலாம்னு நானும் சும்மா இருந்தேன். ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைய விட்டுருவாங்கல்ல. அப்படித்தான் நெனச்சேன். அதுக்கப்புறம் சோறு எறங்கல."

பொய் சொல்கிறவள் தன்னைப் பற்றி இவ்வளவு கேவலமாகச் சொல்ல மாட்டாள். இருந்தாலும் அவள் சொம்பை வாங்கி முகர்ந்து பார்த்தேன். வெறும் மோர். அவளை முதலில் குடிக்கச் சொல்லிவிட்டு மீதியை நான் குடித்தேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு நடந்ததுதான் என் சாமர்த்தியம். மருமகளை இழுத்துக்கொண்டு போக முதலாளி ஆள் அனுப்பினார். அவள் போகவில்லை. தெரு கூடிவிட்டது, வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கையைப் பிடித்து இழுக்க எவனுக்கும் துணிவில்லை. புருஷன்காரன் வந்தான். வாசலுக்கு வெளியே நின்று கூப்பிட்டானே தவிர, மூத்தவள் போன வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. முதலாளிக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. காவல்காரன் பெண்டாட்டி மட்டும் இருந்த வீட்டுக்கு வராததெல்லாம் தன் மருமகள் இருக்கிற வீட்டுக்கு வந்தன. மருத்துவச்சி தினமும் வந்து இரண்டு பேர் வயிற்றையும் தொட்டுப் பார்த்தாள். என் இடுப்பில் எண்ணெய் தடவி, "கட்டிலவிட்டு எறங்காத, கனம் தூக்காத, வலி நின்னுபோவும்" என்றாள். கட்டில் வந்தது. கறவைப் பசு ஒன்று வந்து கொல்லையில் நின்றது. தண்ணீர் எடுக்க ஆள் வந்தது. சின்னம்மாவுக்கு வைத்த பாலில் பாதி எனக்கு. அவள் குடித்தபிறகுதான் நான் குடிப்பேன். வலி நின்றது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. எங்கள் பக்கம் பிள்ளைத்தாச்சியாகப் போனவளுக்கு ரோட்டோரம் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இறக்கி வைக்காத சுமையோடு போனவள். அவள் பெயரால் வழிப்போக்கர்கள் சுமையை இறக்கி வைத்தால் அவளுக்கு ஆறுதல். முதலாளி தன் மூத்த மருமகளுக்கு அதை நடவில்லை. நட்டால் வீட்டின் கதை வெளியூருக்கும் தெரிந்துவிடும், வீட்டின் மதிப்புப் போய்விடும். "கல்லு நட்டாத்தான் நான் இங்க பெத்துக்குவேன்னு சொல்லுங்க சின்னம்மா" என்றேன். அவள் சொன்னாள். அவர் கத்தினார். பிறகு செந்துறைப் பக்கமிருந்து கல் வந்து இறங்கியது. நட்டதை என் வீட்டுக்காரரை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். வெறுமனே பார்த்தது போதாதென்று, ஒரு மூட்டையைத் தூக்கிப்போய் அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு வரச் சொன்னேன். கல் அசைந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்.

எனக்கு வலி கண்டது நல்ல பகலில். மருத்துவச்சி என் காலடியில், சின்னம்மா என் தலைமாட்டில். அவள் என் கையைப் பிடித்திருந்தாளா, நான் பிடித்திருந்தேனா தெரியாது; இரண்டு பேருக்கும் நகம் பதிந்திருந்தது. பெண் பிள்ளை. பிறந்து அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். அந்த நேரத்தில் நான் சந்தேகப்படாத சாமி இல்லை. அப்புறம் அழுதது. தெருவில் முதலாளி நின்றிருந்திருக்கிறார்.

"சத்தம் கேட்டுதே, புள்ளைதானே?" என்று அவர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

"புள்ளைதான். பூனையா கத்தும்?" என்றாள் மருத்துவச்சி.

நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அழுகையைக் கேட்டுக்கொண்டு போய்விட்டார். என் மாமியார் வந்து, பெண்ணாகப் போயிற்றே என்றாள். உயிரோடு இருக்கிற பெண் என்றேன். வேறு பெண் பார்க்கிற பேச்சு அதோடு நின்றது.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் வாடகை கேட்கிற வீடு ஒன்று பார்க்கும்படி வீட்டுக்காரரிடம் இரகசியமாகச் சொல்லியிருந்தேன். சின்னம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

"நீ கெளம்பிடுவ" என்றாள்.

"ஒங்களுக்குப் பொறக்கற வரைக்கும் இருப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் நம்பவில்லை. அன்று சாயங்காலமே என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் பாயில், தன் பக்கத்தில் கிடத்திக்கொண்டாள். பால் குடிக்கும் நேரத்துக்கு மட்டும் என்னிடம் தருவாள். ஏப்பம் விட்டதும் கை நீட்டுவாள். கொஞ்சுவதற்காகத்தான் வாங்கிக்கொள்கிறாள் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். அது பணயம் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அவளுக்கு மகன் பிறந்து அழுகிறவரைக்கும் நான் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் இடத்தில் நானாக இருந்திருந்தால், பிள்ளையோடு வாசல் சாவியையும் எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன்.